தரவு இலவசம் என்றால் யாரும் சண்டைக்கு வருவதில்லை

கேள்வி இது: வானிலை முன்னறிவிப்பு ஏற்கெனவே தொலைக்காட்சியிலும் செல்பேசியிலும் காசில்லாமல் வருகிறது. அப்படியிருக்க, அரசின் வானிலைத் தரவை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று ஏன் சிலர் மல்லுக்கட்டுகிறார்கள்? தனியார் நிறுவனங்கள் இதை எதிர்க்கின்றன என்பது உண்மையா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பாதிதான் உண்மை. தரவு இலவசமாகக் கிடைப்பதைத் தனியார் வானிலை நிறுவனங்கள் பொதுவாக எதிர்ப்பதில்லை. அது அவர்களுடைய மூலப்பொருள்; மூலப்பொருள் சும்மா கிடைத்தால் எந்த வியாபாரிக்குக் கசக்கும்? அதே தரவிலிருந்து அரசே முன்னறிவிப்பைத் தயாரித்து, நல்ல வடிவில், நேராக மக்கள் கையில் கொடுக்கத் தொடங்கும்போதுதான் அவர்களுக்குக் கோபம் வருகிறது. ஆகவே தரவு, முன்னறிவிப்பு என்று இரண்டு சரக்குகள் இருக்கின்றன. எந்த நாடு எதைத் திறந்து வைத்திருக்கிறது, எதைப் பூட்டி வைத்திருக்கிறது என்று பார்த்தால்தான் இந்த விவகாரம் புரியும்.

தரவு என்பது என்ன? தினமும் காலை 5.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் உரிய அவதானிப்புக்காகச் சென்னை மீனம்பாக்கத்திலிருந்து ஒரு பலூன் மேலே போகிறது. காரைக்காலிலிருந்தும் ஒன்று போகும். அதில் தொங்கும் சிறிய கருவி, உயரம் கூடக்கூட வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், காற்றின் திசை, வேகம் ஆகியவற்றை வானொலி அலை வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டே போய், பலூன் வெடித்ததும் விழுந்துவிடும். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் ஏறத்தாழ அதே நேரத்தில் இதே வேலை நடக்கிறது. இந்த எண்களும் கப்பல், விமானம், மிதவை, செயற்கைக்கோள் ஆகியவற்றின் எண்களும் உலகளாவிய பரிமாற்ற வலைப்பின்னல் ஒன்றில் ஏறி, நொய்டாவிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்தின் ரெடிங் நகரிலும் உள்ள பெரிய கணினிகளுக்குப் போய்ச் சேர்கின்றன. நாகப்பட்டினத்துக்கு ஐந்து நாள் முன்னறிவிப்பு சொல்ல வேண்டுமென்றால் அந்தமானில் இன்று என்ன காற்று வீசுகிறது என்று தெரிய வேண்டும். பத்து நாளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் ஏறக்குறைய பூமி முழுவதும் தெரிய வேண்டும். எந்த நாடும் தன் எல்லைக்குள் உட்கார்ந்துகொண்டு தன் வானிலையைக் கணித்துவிட முடியாது.

1990-களில் இந்தப் பரிமாற்றமே ஆட்டம் கண்டது. ஐரோப்பிய அரசுகள் சில, தங்கள் வானிலைத் துறைகளைச் சொந்தமாகச் சம்பாதித்துக்கொள்ளச் சொல்லின. அந்தத் துறைகள் தரவை விற்க ஆரம்பித்தன. விற்கும் பொருளை அடுத்த நாட்டுக்குச் சும்மா அனுப்பத் தயங்கின. அமெரிக்காவோ எல்லாவற்றையும் திறந்துதான் வைப்போம் என்றது. இந்த இழுபறிக்கு நடுவில் உலக வானிலை அமைப்பு 1995-இல் கொண்டுவந்ததுதான் 40-ஆம் தீர்மானம். உயிரையும் உடைமையையும் காக்கத் தேவையான அடிப்படைத் தரவு எல்லா நாடுகளுக்கும் இலவசமாக, தடையின்றிப் போக வேண்டும். அதற்கு மேற்பட்டதற்கு நிபந்தனை போட்டுக்கொள்ளலாம் என்று அது பிரித்தது. 2021-இல் அதற்குப் பதிலாக இன்னும் விரிவான ஒருங்கிணைந்த தரவுக் கொள்கை வந்தது.

இதன் வேடிக்கையான விளைவு ஒன்றை நம் ஊர் வானிலை ஆர்வலர்கள் நன்றாக அறிவார்கள். மீனம்பாக்கத்துப் பலூன் இன்று காலை என்ன அளந்தது என்று எண்களோடு பார்க்க அவர்கள் போவது அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தின் தளத்துக்கு. 43279 என்ற நிலைய எண்ணைக் கொடுத்தால் போதும். பதிவு வேண்டாம், பணம் வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். நம் வரிப்பணத்தில் பறந்த பலூன்தான். வயோமிங் வழியாக நமக்கே திரும்பி வருகிறது.

அமெரிக்காவில் இது ஏன் இவ்வளவு எளிதாக இருக்கிறது? அவர்களுடைய பதிப்புரிமைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, கூட்டாட்சி அரசு உருவாக்கும் எந்தப் படைப்புக்கும் பதிப்புரிமை கிடையாது என்கிறது. அரசு ஊழியர் எழுதிய முன்னறிவிப்பு, அரசுக் கணினி கக்கிய எண்கள், அரசு ரேடாரின் பதிவு, எல்லாம் பொதுச் சொத்து. எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். நம் இந்தியச் சட்டத்தில் இதற்கு நேர்மாறு: அரசுப் படைப்பின் பதிப்புரிமைக்கு அரசே முதல் உரிமையாளர், வெளியான பிறகு 60 ஆண்டுகள் வரை. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிற்பாடு பல காரியங்கள் கிளைக்கின்றன.

அமெரிக்கர்கள் இதை விற்றுப் பார்க்கவும் முயன்றார்கள். 1983-இல் ரீகன் அரசு வானிலைச் செயற்கைக்கோள்களைத் தனியாருக்கு விற்கலாம் என்றது, நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் நிலத்தைப் படமெடுக்கும் லாண்ட்சாட் செயற்கைக்கோள் திட்டம் 1984-இல் வந்த சட்டத்தின் மூலம் தனியார் கைக்குப் போனது. ஒரு படத்தின் விலை 4,000 டாலருக்கு மேல் ஏறியது. பல்கலைக்கழகங்கள் வாங்குவதைக் குறைத்தன. விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற கணக்கும் பலிக்கவில்லை. 1992-இல் வேறொரு சட்டம் கொண்டுவந்து திட்டத்தை அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்து ஒரு படம் 600 டாலர். அந்த விலையில் மிக நன்றாக விற்ற ஆண்டிலேயே சுமார் 25 ஆயிரம் படங்கள்தான் போயின. 2008-இல் முற்றிலும் இலவசமாக்கினார்கள். அடுத்த ஆண்டே பத்து லட்சம் படங்கள் தரவிறக்கப்பட்டன. இலவசத்தால் வருமானம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நான் முதலில் எடுத்துக்காட்டுவது இந்தக் கணக்கைத்தான். செயற்கைக்கோள் அதேதான், அதற்கான செலவும் அதேதான். முன்பு படங்களில் பெரும்பாலானவை யாரும் பார்க்காமலே கிடந்தன.

இனி சண்டைக்கு வருவோம். 1991 முதல் அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவைக்கு ஒரு கொள்கை இருந்தது: தனியார் செய்கிற, அல்லது செய்யக்கூடிய ஒரு சேவையில் அரசு போட்டியிடாது என்பது அது. இணையம் வந்த பிறகு இது பொருந்தாமல் போயிற்று. 2003-இல் வல்லுநர் குழுவொன்று இதை மாற்றச் சொன்னது. 2004 டிசம்பரில் மாற்றினார்கள். அதே காலத்தில் வானிலைச் சேவை தன் முன்னறிவிப்புகளைக் கணினிகள் நேரடியாகப் படிக்கும் வடிவிலும் இணையத்தில் தர ஆரம்பித்தது. ஒரு கல்லூரி மாணவர்கூட அதை எடுத்து வானிலை மென்பொருள் எழுதலாம் என்ற நிலை வந்தது.

சில மாதங்களிலேயே, 2005 ஏப்ரலில், பென்சில்வேனியா செனட்டர் ரிக் சான்டோரம் ஒரு மசோதா கொண்டுவந்தார். கடும் வானிலை எச்சரிக்கைகள் போன்ற சிலவற்றைத் தவிர, தனியார் தரக்கூடிய எந்தச் சேவையையும் அரசின் வானிலைச் சேவை தரக் கூடாது என்பது அதன் சாரம். வானிலை முன்னறிவிப்பை விற்கும் தனியார் நிறுவனமான அக்யுவெதரின் தலைமையகமும் பென்சில்வேனியாவில்தான் இருக்கிறது என்பதைப் பத்திரிகைகள் சுட்டிக்காட்டத் தவறவில்லை. மசோதாவைக் கவனமாகப் படித்தால் தெரியும்: தரவைத் தராதே என்று அது சொல்லவில்லை. தரவு வழக்கம்போல வர வேண்டும். நிறுவனங்களுக்கு அது வேண்டுமே. அதிலிருந்து நாளைக்கு மழையா வெயிலா என்று மக்களிடம் சொல்வதைத்தான் நிறுத்தச் சொன்னது. விமானிகள், விவசாயிகள், சாதாரண மக்கள் என்று பலரும் கொதித்தெழ, மசோதா குழு வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது. 2017 அக்டோபரில் அக்யுவெதரின் தலைமைச் செயல் அதிகாரி பாரி மையர்ஸ், வானிலைச் சேவைக்கு மேலே இருக்கும் துறையின் தலைவர் பதவிக்கு முன்மொழியப்பட்டபோது பழைய மசோதாவை எல்லோரும் மறுபடி தூசி தட்டினார்கள். செனட்டின் ஒப்புதல் கிடைக்காமல் இழுபட்டு, 2019 நவம்பரில் உடல்நிலையைக் காரணம் காட்டி அவர் விலகிக்கொண்டார்.

ஜெர்மனியில் இதே கதை வேறு முடிவோடு நடந்தது. 2017-இல் சட்டத்தைத் திருத்தி, ஜெர்மன் வானிலைத் துறை தன் தரவைப் பெரிய அளவில் இலவசமாகத் திறந்துவிட்டது. அதைப் பற்றிப் பெரிய சச்சரவு எதுவும் எழவில்லை. ஆனால் அந்தத் துறை 2015-இல் விளம்பரமில்லாத இலவசச் செயலி ஒன்றையும் வெளியிட்டிருந்தது. தனியார் நிறுவனமொன்று வழக்குப் போட்டது. 2020 மார்ச்சில் உச்ச உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: எச்சரிக்கைகளை மட்டும் இலவசமாகத் தரலாம், சாதாரண முன்னறிவிப்பைக் காசில்லாமல் தரக் கூடாது. முழுச் செயலி வேண்டுமென்றால் ஜெர்மானியர் ஏறக்குறைய இரண்டு யூரோ கட்ட வேண்டியதாயிற்று. சின்னத் தொகைதான். ஆனாலும் வரி கட்டி ஒருமுறை, செயலிக்கு மறுமுறை என்று அவர் இரண்டு தடவை கொடுக்கிறார்.

எச்சரிக்கை அரசின் வேலை, முன்னறிவிப்பு வியாபாரம் என்ற இந்தக் கோடு காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. கடலில் அது நிற்காது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக்கு அருகே உருவானபோது, தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் பல நாட்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். புயல் என்ற அறிவிப்பு வந்தபோது அது எட்டாத தூரத்தில் இருந்தார்கள். வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவருக்கு, கரையை விட்டுக் கிளம்பும் நாளில் கையில் இருக்க வேண்டியது வரப்போகும் ஏழெட்டு நாட்களின் போக்கு. அதைச் சாதாரண முன்னறிவிப்பு என்று ஒதுக்கிவிட்டு, ஆபத்து நெருங்கிய பின் அரசு பேசினால் போதும் என்பது கரையில் இருப்பவர்களின் சட்டம். இன்னொன்றும் உண்டு: தினமும் பேசாத ஒருவர் திடீரென்று சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் ஊர் நம்பாது.

இந்தியாவுக்கு வந்தால் படம் தலைகீழாகிறது. இங்கே முன்னறிவிப்பைத் தாராளமாகத் தருகிறார்கள். 1875-இல் தொடங்கிய இந்திய வானிலை ஆய்வுத் துறை தினசரி அறிக்கை, மாவட்டவாரி எச்சரிக்கை, மீனவர் எச்சரிக்கை, விவசாயிகளுக்கான வானிலைக் குறிப்பு, செல்பேசிச் செயலி என்று எல்லாவற்றையும் இலவசமாகவே கொடுக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை மண்டல மையத்தின் இயக்குநர் தொலைக்காட்சி கேமராக்கள் முன் உட்கார்ந்து விளக்குவதை நாம் பார்த்துப் பழகிவிட்டோம். ஜெர்மன் தீர்ப்பு போன்ற ஒன்றை இங்கே நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதில் நமக்குக் குறையில்லை.

பூட்டு தொங்குவது தரவின்மேல். ஒரு நிலையத்தின் பழைய மழை அளவு, மணிவாரி வெப்பநிலை, காற்று வேகம் வேண்டுமென்றால் புனேயில் உள்ள தேசியத் தரவு மையத்தின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எதற்காக என்று சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் தர மாட்டேன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். வணிகப் பயன்பாடு என்றால் கட்டணம் உண்டு. அந்த உறுதிமொழிதான் என் பார்வையில் கட்டணத்தைவிடப் பெரிய தடை. ஒருவர் வாங்கி, பிழை திருத்தி, ஒழுங்குபடுத்திய தரவை அடுத்தவரிடம் கொடுக்க முடியாது. அடுத்தவரும் அதே வரிசையில் நின்று அதே பிழைகளைத் தனியாகத் திருத்த வேண்டும். ஆய்வு முடிவைச் சரிபார்க்க நினைப்பவருக்கும் இதே கதிதான்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: 1901 முதல் நாடு முழுமைக்குமான தினசரி மழைப்பதிவை அட்சரேகை, தீர்க்கரேகை வழியே கால் பாகைக் கட்டங்களாகப் பிரித்துத் தொகுத்து, புனே அலுவலகம் இலவசமாகத் தரவிறக்கத் தருகிறது. நூற்றாண்டுக்கும் மேற்பட்ட மழைக் கணக்கு. பருவமழை ஆய்வுகளில் எத்தனையோ இதன் மேல்தான் நிற்கின்றன. இதைத் திறக்க முடிந்தவர்களால் மற்றதையும் திறக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

ரேடார் இன்னொரு எடுத்துக்காட்டு. சென்னை ரேடாரின் படத்தைத் துறையின் தளத்தில் யாரும் பார்க்கலாம். நவம்பர் இரவுகளில் ஆயிரக்கணக்கானோர் கண்விழித்துப் பார்க்கவும் செய்கிறார்கள். ஆனால் அது வண்ணம் தீட்டிய படம். சிவப்புத் திட்டு வேளச்சேரி மேல் நிற்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். அந்தத் திட்டுக்குள் எவ்வளவு மழை என்ற எண்ணை எடுத்து, அடையாற்று வெள்ளத்தைக் கணக்கிடும் மென்பொருளில் ஊட்ட முடியாது. அமெரிக்காவில் சுமார் 160 ரேடார்களின் மூல எண்கள் 1991 முதல் இன்று வரை பொதுக் கணினிச் சேமிப்பகத்தில் கிடக்கின்றன. உலகத்தில் யாரும் எடுக்கலாம். காட்டுவதும் கொடுப்பதும் ஒன்றல்ல. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி மாணவர் ரேடார் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் ஒக்லஹோமா மாநிலத்துச் சூறாவளியை வைத்துப் படிக்கிறார். சென்னைப் பெருமழையை வைத்து அல்ல.

திறந்துவிட்டால் வதந்தி பரவும், அரைகுறைகள் ஆளுக்கொரு முன்னறிவிப்பு சொல்வார்கள் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. வதந்தி பரப்புகிறவருக்குத் தரவு எதற்கு? அவர் பழைய புயல் படத்தை எடுத்து இன்றைய தேதியைப் போட்டால் போதும். பொறுப்பாக எழுதும் ஆர்வலருக்குத்தான் தரவு தேவை. அது இங்கே கிடைக்காததால் அவர் ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்க மாதிரியின் (வானிலையைக் கணக்கிட்டு முன்னறிவிக்கும் கணினி நிரல்) வரைபடத்தை வைத்து வங்கக்கடல் தாழ்வுப் பகுதியைப் பற்றி எழுதுகிறார். வங்கக்கடலைப் பற்றிய பேச்சு வாஷிங்டனின் தயவில் நடக்கிறது.

இன்னோர் ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. இலவசத்தால் அதிகம் லாபம் அடைவது பெரிய கணினி நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் சரக்குச் சந்தை வியாபாரிகளும்தானே, அவர்களுக்கு ஏன் மக்கள் பணத்தில் மானியம்? அவர்கள் லாபம் அடைவது உண்மை. ஆனால் விலை வைத்தாலும் அவர்கள் வாங்கிவிடுவார்கள். அவர்களுக்கு அது சில்லறை. கட்டணம் தடுத்து நிறுத்துவது திருவாரூரில் பயிர்க் காப்பீட்டுத் தொகை ஏன் குறைந்தது என்று மழைக் கணக்கைச் சரிபார்க்க நினைக்கும் விவசாயிகள் சங்கத்தை. பெரிய நிறுவனத்துக்கு அந்தக் கட்டணம் ஒருவகையில் வசதியும்கூட. சின்னப் போட்டியாளர் உள்ளே வர மாட்டார்.

விற்பனையை மிக உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்த ஐரோப்பியர்களே இப்போது இறங்கி வந்துவிட்டார்கள். நார்வே 2007-லேயே தன் முன்னறிவிப்புத் தளத்தைத் திறந்து, தரவையும் மென்பொருள் எழுதுவோருக்குக் கொடுத்தது. தஞ்சாவூருக்கும் அந்தத் தளத்தில் முன்னறிவிப்பு உண்டு. பிரான்ஸ் 2024 தொடக்கத்தில் திறந்தது. ரெடிங்கில் உள்ள ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாதிரிதான் உலகில் துல்லியமானது என்று பெயர் பெற்றது. 2012-இல் சாண்டி புயல் அமெரிக்கக் கரையை நோக்கித் திரும்பும் என்று ஒரு வாரத்துக்கு மேல் முன்னதாகவே காட்டியது அதுதான். அமெரிக்காவின் சொந்த மாதிரி பிறகுதான் அதற்கு ஒத்து வந்தது. அந்த மையம் 2022-இல் ஒரு பகுதியைத் திறந்து, 2025 அக்டோபரில் நிகழ்நேர முன்னறிவிப்புத் தரவு முழுவதையும் திறந்த உரிமத்தின் கீழ் கொண்டுவந்தது.

திறப்பதால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது என்பதற்குச் சமீபத்திய சான்று செயற்கை நுண்ணறிவு. அதே ஐரோப்பிய மையம் கடந்த பல பத்தாண்டுகளின் உலக வானிலையை மணிவாரியாக மீட்டுருவாக்கி இலவசமாக வைத்திருந்தது. 2023-இல் கூகுள் டீப்மைண்ட் குழு அதை வைத்துப் பயிற்றுவித்த கிராஃப்காஸ்ட் என்ற மாதிரி, பத்து நாள் முன்னறிவிப்பை ஒரு நிமிடத்துக்குள் தந்தது. 2025-இல் நம் மத்திய வேளாண் அமைச்சகம் 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குப் பருவமழை எப்போது தொடங்கும் என்று குறுஞ்செய்தி அனுப்பியதே, அதன் பின்னாலும் இப்படிப் பயிற்றுவிக்கப்பட்ட மாதிரிகள்தான் இருந்தன. விற்பனைக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்தால் இந்தச் சங்கிலி தொடங்கியே இருக்காது.

அமெரிக்கா என்றைக்கும் இப்படியே இருக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2025-இல் ஆட்குறைப்பு நடந்தபோது அலாஸ்காவின் காட்ஸெபு உட்படச் சில இடங்களில் பலூன் விடுவதை நிறுத்தினார்கள் அல்லது குறைத்தார்கள். சட்டப்படி தரவு இலவசம்தான். அளக்கவே இல்லையென்றால் இலவசமாகக் கொடுக்க எதுவும் இருக்காது. அந்தப் பலூன் பறக்காததன் பாதிப்பு அலாஸ்காவோடு நிற்பதும் இல்லை. இந்தியா 2024-இல் 2,000 கோடி ரூபாயில் மௌசம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்து, ரேடார்களையும் கருவிகளையும் கூட்டிக்கொண்டு போகிறது. அளப்பதில் நாம் முன்னேறுகிறோம். அந்தப் புதிய ரேடார்களின் எண்கள் வெளியே வருமா, அல்லது மறுபடியும் வண்ணப் படம் மட்டும்தானா என்பதைத் தகவல் உரிமைச் சட்டம் தெரிந்தவர்கள் இப்போதே கேட்க ஆரம்பிக்கலாம்.

நீங்களே பார்க்க விரும்பினால்: பழைய மழைக்குப் புனேயின் கட்டத் தரவை எடுங்கள், கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தால் போதும். அன்றாடப் பலூன் பதிவுக்கு வயோமிங். முன்னறிவிப்புக்கு அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை, 16 நாட்கள் வரை ஓடுகிறது. ஐரோப்பிய மாதிரியும் இப்போது திறந்திருப்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாட்களில் அடித்துப் பேசும் பதிவுகளைத் தள்ளி வையுங்கள். அமெரிக்க மாதிரி பொதுவாகக் கிடைக்கும் கால் பாகை வடிவில் ஒரு கட்டம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் அகலம். மயிலாப்பூரும் தாம்பரமும் அதில் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடக்கூடும். பத்தாவது நாளுக்கு மேல் அது காட்டும் புயலை நம்பிக் கல்யாணத் தேதியை மாற்றாதீர்கள்.